ஷாலினியின் பென் டிரைவும் கபடிப் படமும்

வடக்கனந்தலில் கரும்பு வெட்டப் போகும் இருசப்பன், சாலம்மாள் தம்பதியின் மகள் ஷாலினி. பன்னிரண்டாவது முடித்ததும் கச்சிராயபாளையத்தில் சுப்புராயனின் வீடியோ கடையில் ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்தாள். ஆறே வருடத்தில் கடையின் கேமராவும் எடிட்டிங்கும் அவள் கைக்கு வந்துவிட்டன.

இடையில் ஒரு சறுக்கல். ஒரு காதுகுத்து வீடியோ முழுவதும் அவளாலேயே அழிந்துபோனது. டிரைவை ஃபார்மேட் செய்யவா என்று திரை கேட்டதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டாள். அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். பிறகு திரையில் வரும் ஃபார்மேட் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் எதற்கு என்று தேடித் தேடிப் படித்தாள்.

போன வருடம் கல்வராயன் மலைப் பெண்களின் கபடி அணியை ஞாயிறு தவறாமல் அவள் படம் பிடித்தாள். சென்னையிலிருந்து செழியன் என்ற எடிட்டர் அதைக் குறும்படமாகத் தொகுத்தார். இறுதிப் போட்டி அன்று அவரே நேரில் வந்தார். காலையில் அணி ஜெயித்தது. அந்தக் காட்சியையும் சேர்த்து, மாலை ஐந்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பரிசளிப்பு விழாவில் படத்தைப் போட வேண்டும்.

நாலு மணிக்குக் கடையில் படம் தயார். ஆனால் அது இருந்தது செழியனின் மேக் கணினியில். மண்டபத்தில் இருந்ததோ விண்டோஸ். படத்தை ஏற்றி, மேக்குக்கென்றே ஃபார்மேட் செய்திருந்த செழியனின் ஹார்ட் டிஸ்க்கைக் கடையின் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்தார்கள். ஃபார்மேட் செய்தால்தான் திறக்கும் என்றது திரை. சுப்புராயன் மவுஸை நகர்த்தினார். ஷாலினி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ணா! உள்ள இருக்கிறது எல்லாம் பூடும்."

செழியன் டிஸ்க்கை உடனே கழற்றிக்கொண்டார். அந்த டிஸ்க்கில் அவருடைய மூன்று மாத உழைப்பு இருந்தது.

அடுத்து, கடையில் கிடந்த முப்பத்திரண்டு ஜிபி பென் டிரைவை மேக்கில் செருகினார்கள். ஆறு ஜிபி படம் அதில் ஏறவே இல்லை.

"பெருசா ஒண்ணு வாங்கினு வரட்டுமா?" என்றார் சுப்புராயன்.

"இடம் ஜாஸ்தியாவே இருக்குதுண்ணா. இது ஃபேட் முப்பத்திரண்டுன்னு ஒரு பழைய ஃபார்மேட். நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வந்தா ஏத்துக்காது."

"அப்போ இன்னா பண்றது?"

"எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துவோம். விண்டோஸும் படிக்கும், மேக்கும் எழுதும். எவ்ளோ பெரிய படம்னாலும் தாங்கும்."

பென் டிரைவில் கடையின் பாட்டுகள் இருந்தன. அவற்றை முதலில் கணினியில் எடுத்து வைத்து, இரண்டைத் திறந்து கேட்டாள். பிறகுதான் ஃபார்மேட் பெட்டியைத் திறந்து எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தாள். இந்தத் தடவை திரை கேட்டதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் சரி என்பதை அழுத்தினாள்.

மேக்கிலிருந்து படம் முழுசாக ஏறியது. செழியன் பிடுங்கப் போனார்.

"இருங்க சார், திரையில முறையா எஜெக்ட் பண்ணிட்டு எடுங்க, இல்லன்னா ஃபைல் கெட்டுப் பூடும்."

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கையில் மண்டபத்துக் கணினியில் பென் டிரைவைச் செருகினாள். படம் ஓடியது. கடைசி ரெய்டில் அணித்தலைவி ரம்யா நடுக்கோட்டைத் தொட்டபோது மண்டபமே விசிலடித்தது. முடிவில், 'ஒளிப்பதிவு: இ. ஷாலினி' என்று எழுத்துகள் வந்தன.

எழுத்துக் கூட்டத் தெரியாத சாலம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "இன்னா போட்டுக்குது?"

"உம் பொண்ணு பேருதான்கா!"

சாலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "எம் பொண்ணு எடுத்தது! எம் பொண்ணு எடுத்தது!" என்று அவள் கத்தியதில் மேடையில் இருந்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.