குயின் தெருச் சுவரில் மாப்பிள்ளை

கீரமங்கலத்தில் காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறினேன். புதுக்கோட்டையில் மாறித் திருச்சி விமான நிலையம் போக எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியனுப்ப வந்த சித்தி மகள் வளர்மதிக்கு என் பித்து தெரியும். பாங்காக், சைகோன் என்று தெருச்சுவர் ஓவியம் தேடி அலைகிறவன் நான்.

"செவுத்தப் பாக்கவாண்ணே பிளேன் ஏறிப் போறீங்க? எங்க வீட்டுச் செவுரு சும்மாத்தான கெடக்கு" என்று சிரித்தாள். பஸ் கிளம்பும்போது சிரிப்பு போய்விட்டது. "அப்படியே ஒங்க மாப்ளையையும் பாத்துட்டு வாங்க. மூணு நாளா போன் சுவிட்ச் ஆப்னே வருது."

அவள் கணவர் ரெங்கராசு பினாங்கில் பூக்கடை வேலைக்குப் போய் இரண்டு வருடம். ஒருநாள் தவறாமல் வீட்டுக்குப் பேசுகிற ஆள். கடை எந்தத் தெருவில் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் கேட்டு வைக்கத் தோன்றியதில்லை. விமானம் ஏறும்வரை நானும் அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஐந்து மணி நேரப் பஸ். அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு, இரண்டு ரிங்கிட். பகல் ஒரு மணிக்கு ஜார்ஜ் டவுனில் இறங்கினேன். சந்துக்குச் சந்து ஓவியம்: பூனை, ரிக்‌ஷாக்காரர், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பெண். மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் அரைமணி நேரம் நின்றிருப்பேன். அன்று பூக்கடைப் பலகைகளைத்தான் தேடினேன். மூன்று கடைகளில் கேட்டேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றார்கள்.

இரண்டு மணி பத்து நிமிடம். குயின் தெருவில் திரும்பியதும், இரண்டு மாடி உயரத்துக்கு ரெங்கராசுவின் முகம். அதே கோணல் முன்பல், அதே சிரிப்பு. ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் படம் எடுத்து, 'யாருன்னு பாரு' என்று எழுதி வளர்மதிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'அண்ணே, கழுத்துல எதுக்கு மாலை?'

அப்போதுதான் ஒழுங்காக நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தில் ரோஜா மாலை. கீழே மலாயில் இரண்டு சொல், பக்கத்தில் ஓர் ஆண்டு. எங்கள் கடைத்தெருவில் சாதாரண மனிதரின் முகம் தனியாக, மாலையோடு சுவரில் ஏறினால் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்றுதான் இருக்கும்.  வளர்மதி அழைத்துக்கொண்டே இருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் எடுக்காமல் விட்டேன். படம் அனுப்பியதைவிட அது பெரிய தப்பு.

எதிரே பழம் விற்ற தமிழ் அம்மாளிடம் ஓடினேன். "அந்தச் செவுத்துல என்னம்மா எழுதியிருக்கு?"

"பூக்காரர்னு போட்டிருக்குலா. பக்கத்துல படம் வரைஞ்ச வருசம்."

"ஆளு இருக்காரா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னே? பின்சந்து கடையில மாலை கட்டிக்கிட்டு இருக்காரு."

இருந்தார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து எழுந்து வந்தார். "போனு பூ நனைக்கிற வாளியில விழுந்துருச்சு மச்சான். நம்பரெல்லாம் அதுலதான இருந்துச்சு." பொண்டாட்டி நம்பர் மனப்பாடமாகத் தெரியாத மனிதரை என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போதே அழுகையும் வந்துவிட்டது.

என் போனில் வீடியோ போட்டோம். வளர்மதிக்குப் பின்னால் தெருவே கூடியிருந்தது. யாரோ ஒப்பாரியே ஆரம்பித்திருந்தார்கள்.

"உசுரோடதான் இருக்கேன், பாரு புள்ள."

"அந்தச் செவுத்துக்கிட்டப் போயி நில்லுங்க" என்றாள்.

போய் நின்றார். ஓவியத்து மாலையின் நுனிக்குக்கூட அவர் தலை எட்டவில்லை. 

"ஒரு சீனப்புள்ள வந்து போட்டோ எடுத்து வரைஞ்சிச்சு. அது நான் கட்டுன மாலைதான் புள்ள" என்றார் பெருமையாக.

"கட்டுனவங்க கையில புடிச்சுக்கிட்டு நின்னா ஆகாதா? கழுத்துல எதுக்குப் போட்டீங்க?"

அவர் சுவரைவிட்டு விலகப் பார்த்தார். அழுது ஓயும்வரை அவள் அவரை அந்த இடத்தைவிட்டு நகர விடவில்லை.