மூன்று வலைப்பெட்டிகளும் பதினொரு கோழிகளும்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில், கண்டியில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்த ஒரு நாளில், அக்குறணைக்குப் போகும் வான் ஒன்றின் பின்பக்கத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். என்னிடம் இருந்தவை சேட் இரண்டு, சாரம் ஒன்று, கொப்பி ஒன்று, வலைப்பெட்டி மூன்று. முதலாவது பெட்டியில் ஐம்பத்தெட்டு அந்துப்பூச்சிகள், இரண்டாவதில் நாற்பத்தேழு, மூன்றாவதில் அறுபத்து நான்கு. பிறகு வந்த சில கணக்குகளில் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த மூன்றிலும் இல்லை. வான் புறப்படுமுன் இரண்டு தடவை எண்ணினேன்.

அவை கோவா என்கிற முட்டைக்கோசின் இலையைச் சல்லடையாக்கும் பச்சைப் புழுவின் அந்துகள். சிறகை மடித்து உட்கார்ந்தால் முதுகில் மூன்று வைரக்கல் பதித்ததுபோல் தெரியும். மலைநாட்டில் கோவா போட்டவர்கள் எல்லோரும் இந்தப் புழுவுக்கு மருந்து அடித்தார்கள். சாகாதபோது கூட்டி அடித்தார்கள். அதற்கும் சாகாதபோது இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தாங்கியில் கலந்து அடித்தார்கள். நான் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு மேலிருந்த அதிகாரி, இன்னும் கடுமையான மருந்து வேண்டும் என்று எழுதினார். நான் வேறொன்று கேட்டேன். மருந்தைத் தாங்கும் அந்த வலு தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைப் புழுவுக்கு எப்படிப் போகிறது?

இன்று மரபணு என்கிறார்கள். நாங்கள் பரம்பரையலகு என்று படித்தோம். என் ஊகம் இதுதான்: வலு ஒரேயொரு பரம்பரையலகில் இருக்கிறது, அது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் வேலை செய்யும். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் பிள்ளை மருந்தில் செத்துவிடும். இது சரியென்றால் வைத்தியம் எளிது. பத்துப் பாத்தியில் ஒன்றுக்கு மருந்து அடிக்காமல் விடவேண்டும். அங்கே வளரும் வலுவற்ற அந்துகள் பறந்து போய் வலுவானவற்றோடு சேரும். அவற்றின் பிள்ளைகள் சாதாரண மருந்துக்கே சாகும்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க வலுவான வம்சம் ஒன்றும் வலுவற்ற வம்சம் ஒன்றும் வேண்டும். வலுவானது எங்கும் கிடைத்தது, அதுதான் முதலாவது பெட்டி. வலுவற்றதுதான் கிடைக்கவில்லை. ஹேவாஹெட்டை வீதியில் இருபத்து மூன்று தோட்டங்களில் புழுப் பொறுக்கினேன். மருந்தில் தோய்த்த இலையில் விட்டால் இருபத்து மூன்று இடத்துப் புழுக்களும் தின்றுகொண்டே இருந்தன.

இருபத்து நான்காவது, ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்னால் இருந்த சின்னக் கோவாப் பாத்தி. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், குனிந்து புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின் ஒன்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மருந்து அடிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒருக்கா அடிச்சோம் சார். செத்த புழுவத் தின்னு அஞ்சு கோழி செத்துச்சு. அதிலருந்து கையாலதான். கோழிக்கும் தீனியாச்சு." டின்னை என் பக்கம் நீட்டினாள். "யாழ்ப்பாணத்துக்காரவங்க புழுவுக்காக மலையேறி வந்து நான் பாத்ததில்ல. அங்க புழு இல்லீங்களா?"

அவளிடம் பதினொரு கோழிகள் இருந்தன. எண்ணுவது என் பழக்கம், கேட்காமலே எண்ணினேன்.

அந்த டின்னில் பாதியை வாங்கி வந்தேன். வளர்த்து, ஒரு தாயின் பிள்ளைகளை ஒரு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்திலும் பத்துப் புழுவுக்கு மருந்து காட்டினேன். பத்தும் செத்தன. செத்தவற்றின் உடன்பிறப்புகளை வளர்த்தேன். அதுதான் இரண்டாவது பெட்டி, வலுவற்ற வம்சம். ஒன்பது தலைமுறை வளர்த்திருந்தேன். வலுவானதையும் வலுவற்றதையும் சேர்த்துப் பிறந்த பிள்ளைகள் மூன்றாவது பெட்டி. அவற்றுக்கு மருந்து காட்ட வேண்டிய கிழமையில்தான் கலவரம் வந்தது.

மனைவியும் பிள்ளைகளும் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். நான் பெட்டிகளுக்காக நின்றுவிட்டேன். எங்கள் நிலையத்தில் களஞ்சியம் பார்த்தவர் அக்குறணை முஸ்லிம், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். மருந்துப் போத்தல்களெல்லாம் அவர் பொறுப்பில்தான். அவர்தான் வானோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏறுங்க சேர். யோசிக்க நேரமில்ல."

"பெட்டி மூண்டையும் ஏத்தவேணும் நானா."

அவர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மனிசன் உசுர் தப்புறதே பெரிய காரியம். பூச்சிக்குமா ஊரடங்குச் சட்டம்?" சொல்லிக்கொண்டே முதல் பெட்டியை அவரே தூக்கினார்.

அவர் வீட்டில் எனக்கு வீதிப் பக்க அறையைத் தந்தார்கள். வெளியே தெரியக்கூடாது என்று யன்னல்களை இறுக்கிச் சாத்தினார்கள். கட்டிலுக்கு எதிரே மேசை, மேசைமேல் பெட்டிகள். மூன்று நாள் நித்திரை இல்லாதவன், அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டேன். கடைசியாகக் கேட்டது திரைச்சீலைக்குப் பின்னால் அவருடைய மனைவியின் குரல்.

"சேருட கட்டில்ல நெட்டு இல்ல. வந்த மனிசன நொளம்பு தூக்கிட்டுப் போயிரும். திரி பத்தவெச்சு வைங்க. ஒண்டு காணாது, ரெண்டு வைங்க."

காலையில் எழும்பியபோது மேசைக்கடியில், கட்டிலுக்குப் புகை படாமல் தள்ளி, இரண்டு சுருள் சாம்பல் இருந்தது. நேர்மேலே பெட்டிகள்.

நுளம்புத்திரியில், இந்தியாவில் கொசுவர்த்தி என்பார்கள், இருப்பதும் பூச்சி மருந்துதான். என் புழுக்களுக்கு நான் காட்டிய மருந்தின் நெருங்கிய உறவு. களஞ்சியக்காரருக்கு ஒவ்வொரு போத்தலின் விஷமும் தெரியும். எனக்கு அதைவிடக் கூடத் தெரியும். ஆனால் திரியை மருந்தென்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை. என் வீட்டிலும் பல வருடம் கொளுத்தியிருக்கிறேன். அது சாம்பிராணியோடு சேர்ந்த சாமான், அவ்வளவுதான்.

கொப்பியை எடுத்து எண்ணினேன். முதலாவது பெட்டியில் ஐம்பத்தெட்டில் செத்தவை நான்கு. இரண்டாவதில் நாற்பத்தேழும் செத்திருந்தன. மூன்றாவதில், இரண்டு வம்சத்துக்கும் பிறந்த பிள்ளைகளில், அறுபத்து நான்கில் அறுபத்தொன்று.

என் ஊகம் சரி. ஒரு பக்கத்தால் மட்டும் வலு வந்த பிள்ளைகள் செத்துவிட்டன. நான் இரண்டு வருடமாகத் தேடிய விடையை இரண்டு திரிகள் சொல்லிவிட்டன. ஆனால் எவ்வளவு புகை, எத்தனை மணித்தியாலம், எந்தப் பெட்டிக்குக் கூட, எந்தப் பெட்டிக்குக் குறைய, எதையும் யாரும் அளக்கவில்லை. அளக்காத மருந்தில் செத்த பூச்சியை எந்த அரசாங்கக் கந்தோரும் ஏற்காது. திரும்பச் செய்து பார்க்க வலுவற்ற வம்சம் வேண்டும். அது செத்துக் கிடந்தது.

"சேர் நல்லாத் தூங்கினீங்களா? நொளம்பு கடிச்சதா?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்லைத் தங்கச்சி. ஒண்டும் கடிக்கேல்லை."

களஞ்சியக்காரர் பெட்டிகளைப் பார்த்து, சாம்பலைப் பார்த்து, நெற்றியில் கை வைத்தார். நான் தலையாட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவருடைய மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது பெட்டியின் மூலையில், காய்ந்த இலைக்கடியில், நான்கு கூட்டுப்புழுக்கள் இருந்தன. கூட்டுக்குள் இருந்ததால் புகை படவில்லை. ஐந்து நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யார் செத்தார், எந்தக் கடை போனது என்று வீட்டில் மெதுவாகப் பேசினார்கள். நான் நான்கு கூட்டுப்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்க எனக்கே சரியாகப் படவில்லை. மூன்று அந்துகள் வெளிவந்தன. ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் ஆண்.

ஊரடங்கு தளர்ந்தபின் மனைவியின் கடிதம் வந்தது. "அங்கை என்னத்துக்கு நிக்கிறியள்? கொழும்பிலையிருந்து ஆக்கள் உடுத்த உடுப்போடை கப்பலிலை வந்து இறங்கீனம். நீங்கள் புழுவை எண்ணிக்கொண்டு இருக்கிறியளோ?" ஓம் என்று எழுத மனம் வரவில்லை. அடுத்த மாதம் வாறன் என்று எழுதினேன். அடுத்த மாதமும் அதையே எழுதினேன்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் கிழமை ஹேவாஹெட்டைக்குப் போனேன். வழியில் எத்தனை இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்ட சிலவற்றில் அது ஒன்று.

கோவாப் பாத்தி சுத்தமாக இருந்தது. இலையில் ஓட்டை இல்லை. அந்தப் பெண் லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கீங்களா சார்? ஒக்காருங்க. புழு கேப்பீங்க. புழு இல்ல."

"மருந்து அடிச்சனீங்களோ?"

"போன வாரம் ஒருக்கா. பக்கத்து லயத்துக்காரரு தாங்கி குடுத்தாரு."

"கோழி சாகுமெண்டு சொன்னனீங்கள்."

"கோழி எங்க சார்?" புடைப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு நாங்கெல்லாம் தேயிலைக் காட்டுல ஒளிஞ்சு கெடந்தோம். ரெண்டு ராத்திரி. திரும்பி வந்து பாத்தா கதவு இல்ல, பானை இல்ல, பதினோரு கோழியும் இல்ல. மனுசரத் தொடல. அதுவரைக்கும் பெருமாள் புண்ணியம்." சுளகைத் தட்டினாள். "கோழி இல்லாம யாரு சார் குனிஞ்சு குனிஞ்சு புழு பொறுக்குவா? எனக்கு இடுப்பு வலி வேற."

நான் அங்கேயே கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்து நான்கு தோட்டங்களிலும் மருந்தை நிறுத்தியிருந்த ஒரே பாத்தி அது. அதைக் காத்தது என் ஆராய்ச்சியல்ல, கோழிகள்.

அடுத்த ஞாயிறு தெல்தெனியச் சந்தையில் ஆறு கோழிப் பேடுகள் வாங்கி, கூடையில் கட்டி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனேன். ஆறுக்கு மேல் என்னால் தூக்க முடியவில்லை. சோதனைச் சாவடியில் ஓர் இராணுவச் சிப்பாய் கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்து, போ என்று கை காட்டினான். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. கோழியோடு போகிறவனில் பயம் வராதுபோலும்.

"கோழிக்கு டிக்கெட்டு எடுத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். கூடையை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "ஒன்னுக்குக் கண்ணு சரியில்ல. பரவால்ல, புழு தெரிஞ்சாப் போதும். இனி மருந்து அடிக்கக் கூடாது, அதானே?"

"அதுதான்."

"புழுவுக்கு வந்த மவுசப் பாருங்க."

ஐந்து மாதம் பொறுத்தேன். காட்டுக் கடுகிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அந்துகள் அந்தப் பாத்திக்குத் திரும்பி வந்தன. மறுபடியும் டின்னில் பாதி. மறுபடியும் ஒவ்வொரு குடும்பத்திலும் பத்து. முன்பு பத்தும் செத்தன. இப்போது ஆக நல்ல குடும்பத்தில் எட்டுத்தான் செத்தன. போன வருடம் ஒரேயொரு தடவை விழுந்த மருந்து வலுவற்றவற்றைப் பொறுக்கிக் கொன்றிருந்தது. மிச்சம் நின்றவற்றின் வலு வம்சத்துக்குள் கலந்துவிட்டது. வேறு வழியில்லை. எட்டுச் செத்த அந்தக் குடும்பத்தின் உடன்பிறப்புகளையே வளர்த்தேன், வலுவானதோடு சேர்த்தேன், பிள்ளைகளுக்கு அளந்த மருந்தை அளந்த நேரம் காட்டினேன்.

எழுபதில் ஐம்பத்தெட்டுச் செத்தன. பன்னிரண்டு தப்பின.

ஊகம் பொய்க்கவில்லை. பெரும்பாலானவை செத்தன, பத்துப் பாத்திக்கு ஒன்றை மருந்தில்லாமல் விடச் சொல்லும் ஆலோசனை வருட அறிக்கையில் ஒரு பந்தியாக ஏறியது. ஆனால் அதிகாரி அட்டவணையில் பன்னிரண்டின்மேல் பென்சிலால் வட்டம் போட்டார்.

"இது ஏன்? நீர் சொல்லுறபடி எண்டால் ரெண்டோ மூண்டோதானே தப்பவேணும்?"

எனக்கு ஏன் என்று தெரியும். அக்குறணையில் மேசைமேல் மூன்று தப்பின. அந்த மூன்று பன்னிரண்டு ஆனதற்கு இடையில் நடந்தது எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். ஆனால் அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை. வருடம் எண்பத்து நான்கு. தமிழன் ஒருவன் அரசாங்க அறிக்கையில் அதை எழுதினால் அது புழுவைப் பற்றியதாக எடுக்கப்படாது என்று பயந்தேன். "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போனேன்.

அந்த அறிக்கை எங்காவது ஒரு அலுமாரியில் இருக்கும். யாராவது எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டில் நின்று யோசிப்பார்கள், என் எண்ணிக்கை பிழை என்றுகூட நினைப்பார்கள். அது என்னை இன்றும் அரிக்கிறது. எண்ணிக்கை பிழையல்ல. இரண்டு தடவை எண்ணினேன். காரணம்: ஜூலையில் ஹேவாஹெட்டையில் ஒரு லயத்திலிருந்து கோழிகள் களவு போயின. தொகை பதினொன்று.