மினுக்கும் சிவப்புக் கோடு

ரோபோப் போட்டியில் தோற்பதற்குப் பெரிய கோளாறெல்லாம் தேவையில்லை. ஒரு பிளக் கழன்றால் போதும். இது எனக்கு முதல் வருடமே தெரிந்துவிட்டது.

எங்களுடையது உள்ளங்கை அகல சுமோ ரோபோ. வட்டமான கறுப்புப் பலகையில் இரண்டு ரோபோக்களை எதிரெதிரே விடுவார்கள். எது மற்றதை வெளியே தள்ளுகிறதோ அது ஜெயித்தது. நானும் என் தோழியும் சேர்ந்துதான் அதைச் செய்தோம். நிரல் எழுதுவது அவள் வேலை, ஒயர் சமாச்சாரம் என் வேலை. கல்லூரியில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்து அவள் கல்லூரி இருந்த ஸ்கூடாயிலேயே தங்கிவிட்டாள். நான் சொந்த ஊரான கோத்தா திங்கிக்குத் திரும்பி ஒரு பல் கிளினிக்கில் சேர்ந்தேன். ரோபோ மட்டும் எங்களைப் பிரியவிடவில்லை.

அந்த முதல் வருடம், முதல் மோதலிலேயே பேட்டரி பிளக் கழன்று எங்கள் ரோபோ வட்டத்துக்கு நடுவே செத்துக் கிடந்தது. "அலமாக், தூங்கிடுச்சு லா!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. பூட்டிக்கொள்ளும் நல்ல பிளக்குகள் கடையில் உண்டு, ஆனால் விலையைக் கேட்டால் ரோபோவே வேண்டாம் என்று தோன்றும். எனவே கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கக் கற்றேன்.

பிளக்கும் சாக்கெட்டும் சேருகிற இடத்தில், பசையை உருக்கிப் பிழியும் குளூ கன்னால் ஒரு பொட்டுப் பசை. ஒயரைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து, கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு அடித்தட்டோடு கட்டிவிட வேண்டும். அப்போதுதான் இழுவை கட்டின் மேல் விழும், பிளக்குக்குப் போகாது. சின்னச் சின்ன பிளக்குகளுக்குப் பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகு நூலால் இரண்டு சுற்று. கழற்ற வேண்டுமென்றால் புண் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுப் பசையின் ஓரத்தில் வைத்தால், அது தோல் உரிவதுபோல் சுத்தமாக வந்துவிடும். பலவந்தமாகப் பிய்த்தால் மட்டுமே துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கிளினிக் வேலையால் எனக்கு ஆன லாபம் இந்த நூலும் ஸ்பிரிட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் பசைக்கு மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். பிளக் இம்மியளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மலிவுக் கடையில் வாங்கிய சிவப்பு அது. உள்ளே ஜிகினாத் தூள் மிதக்கும். விரலில் போட்டால் கூத்துக்காரி என்பார்கள், ரோபோவுக்குப் பொருத்தமாக இருந்தது.

இவ்வளவையும் அவளுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உனக்கு டாக்டர் வேலை கொடுக்கணும் லா" என்று கிண்டல் செய்வாள்.

இந்த வருடம் ஜொகூர் மாநிலச் சுற்றில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குக் கோலாலம்பூர் போகலாம். இரண்டு பேரும் லீவு கேட்டு வைத்தோம். எந்தச் சட்டை போடுவது என்றுகூடப் பேசியாயிற்று. போட்டிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கம். தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது என் அறைதான். ரோபோவையும் கருவிப் பெட்டியையும் எடுத்துப் போய் ஸ்கூடாயில் அவளுடைய மாடி வீட்டில் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

போட்டியன்று மண்டபத்தில் அவளிடம் கேட்டேன். "பசை, கோடு எல்லாம் பார்த்தியா?"

"நான் பார்த்துட்டேன் லா. கச்சிதமா இருக்கு."

பெட்டியில் நெயில் பாலிஷ் குப்பியைக் காணோம். வீட்டில் விட்டுவிட்டேன் என்றாள். அவள் ஏற்கெனவே ரோபோவின் அடிமூடிக்கு டேப் சுற்றி நடுவர்களிடம் காட்டி முடித்திருந்தாள். அதன்பிறகு திறக்கக் கூடாது என்பது விதி. நானும் திறக்கவில்லை. அவள் சொன்ன பிறகு எதற்குத் திறப்பது?

கடைசிச் சுற்றில் எதிரே நின்றவர்கள் ஸ்கூடாயில் கடைவீட்டு மாடியில் பட்டறை போட்டிருக்கும் கும்பல். போன வருடமெல்லாம் அவர்களுடைய ரோபோ ஒரு தட்டுத் தட்டினால் ஒயரைக் கக்கும். இந்த முறை எங்களுடையது ஓடிப்போய் முட்டியது. அவர்களுடையது குலுங்கியது, தாங்கி நின்றது, திருப்பித் தள்ளியது. எங்களுடையது செத்தது. முதல் வருடம் கிடந்த மாதிரியே கிடந்தது.

மேசைக்குக் கொண்டு வந்து டேப்பைக் கிழித்தேன். பேட்டரி பிளக் கழன்று தொங்கியது. பசையின் ஒரு துணுக்குகூட இல்லை. சாக்கெட்டின் முகம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. மோதலில் பிய்ந்திருந்தால் அப்படி இருக்காது. யாரோ பஞ்சைத் தொட்டு, பொறுமையாக, நான் காட்டிய மாதிரியே எடுத்திருக்கிறார்கள்.

தலையை நிமிர்த்தினேன். அந்தப் பக்கம் ஜெயித்தவர்கள் தங்கள் ரோபோவை அடிமூடி கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் படமெடுத்துக் கொண்டிருந்தார்கள். அதன் அடிவயிறு எனக்கு நேராகத் தெரிந்தது. பேட்டரி பிளக்கில் ஒரு பொட்டுப் பசை. தளர்வாக வளைத்துக் கட்டிய ஒயர். பசைக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. விளக்கு பட்டு ஜிகினா மினுக்கியது.

அவளைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் அவங்க டீம்ல சேரச் சொல்லிக் கேட்டாங்க" என்றாள். "எப்படிச் செய்யறோம்னு காட்டச் சொன்னாங்க. காட்டறதுக்குத்தான் நம்மளோடதைக் கழட்டினேன். திரும்ப ஒட்ட மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன், வேணும்னு செய்யலை."

பொய் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கெடுக்க நினைப்பதற்காவது எங்கள் ரோபோ ஒரு நிமிடம் அவள் மனதில் இருந்திருக்க வேண்டுமே.

"அவங்களோடதுக்கு ஒட்ட மறக்கலையே" என்றேன். "காயவிட்டு, கோடுகூடப் போட்டிருக்கே."

அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் படமெடுக்க வரச்சொல்லிக் கையசைத்துக் கொண்டிருந்தார்கள். என்னை அல்ல.