உப்பை ருசி பார்த்த கொல்லர்

பிள்ளைகளே, நான் போர்ட் பிளேரில் ஜீப் ஓட்டிய நாளில், அபர்டீன் பஜாருக்குப் பின்னால் ஒரு கொல்லர் இருந்தார். குட்டையான ஆள். நெருப்பில் வெந்து புருவம் பாதிதான் இருக்கும். எந்த இரும்பைக் கண்டாலும் விரலால் தடவி நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார்.

நோயாளிகளை ஏற்றிவரப் புதிதாக ஒரு மரப்படகு செய்திருந்தார்கள். அதை அந்தக் கொல்லர் செய்த டிரெய்லரில் வைத்து, சிப்பிகாட் உப்பங்கழிக்கு இழுத்துப்போவது என் வேலை. முன்பு நான் கொண்டுபோன படகு, ரோட்டுக் குலுக்கலில் பலகை விட்டு, இறக்கிய உடனே மூழ்கிவிட்டது. அந்தப் பயத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அண்ணே, ஜீப்பில இருக்கிற மாதிரி டிரெய்லருக்கும் ஷாக் அப்சர்பர் மாட்டுங்க.”

“ஜீப்பை உப்புத் தண்ணியில இறக்குவீங்களா, டிரைவர் சாப்? இதை இறக்கணும். ரெண்டே மாசத்துல உப்பு தின்னுடும். குலுக்கலைத் தாங்க அடியில இருக்கிற வில்லுப் பட்டை போதும். நீங்க ஆஹிஸ்தா, மெதுவா ஓட்டுங்க.”

“மறுபடி பலகை விட்டா யாரு பதில் சொல்றது?”

அவர் படகுக்குள் ஏறி, பலகை இணைப்பில் கையை வைத்தபடி படுத்துக்கொண்டார். பள்ளம் வந்தபோதெல்லாம், “ஆஹிஸ்தா! மெதுவாப் போடா!” என்று கத்தினார். ‘டிரைவர் சாப்’ என்ற மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது!

கழியில் இறக்கினோம். படகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவரால்தான் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே டிரெய்லர் அச்சைத் தொட்டு நாக்கில் வைத்து, “நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க” என்றார்.

ஷாக் அப்சர்பர் வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியாது. அன்று அந்த வேலையை அவருடைய முதுகு செய்தது. அது மட்டும் தெரியும்.