ஆத்தா காட்டுக்குள் போன பந்து

பேரனின் கால்பந்து வகுப்புக்காகப் போன மாதம் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டேன். காயம்பட்டால் யார் பொறுப்பு, மழை வந்தால் வகுப்பு உண்டா, பந்து தொலைந்தால் யார் தேடுவது என்று எல்லாவற்றுக்கும் உட்பிரிவு இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் உட்பிரிவுகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் ஒன்றுவிடாமல் படித்தேன். பந்து தெய்வத்தின் எல்லைக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் விதி இல்லை. பத்து வயதில் எனக்கு அந்த விதிதான் தேவைப்பட்டது.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. என் தாய்மாமன் சேலத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்து, அதன் அணிக்கு ஆடி, முழங்காலை அங்கேயே விட்டுவிட்டு ஒரு தோல் பந்தோடு மலையேறி வந்தவர். சாமை அறுத்த வெறும் நிலத்தில் எங்களைக் கூட்டி கோல் அடிக்கப் பழக்கினார். மரவள்ளிக் குச்சிகளை வரிசையாக நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து பந்தை உருட்டிப் போகச் சொன்னார். இரண்டு மழைக்குப் பிறகு குச்சிகள் துளிர்த்துவிட்டன. எதிரணிக்காரர்கள் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனதை நான் வேறெந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

"வலப்பக்கம் போறாப்ல தோளச் சாச்சுக் காட்டு மாப்ளே. அவன் கண்ணு அங்க போவும். நீ இந்தப் பக்கம் போயிரு" என்பார் மாமா.

தோளைச் சாய்ப்பது எனக்கு வந்தது. கோலை நோக்கி உதைப்பதுதான் வரவில்லை. காரணம், கோலுக்குப் பின்னால் இருந்த ஆத்தா காடு, எங்கள் ஊர்த் தெய்வம் ஆத்தாளுக்கென்று விட்ட சோலை. எதிர்ப்பக்கம் கோல் வைத்தால் பந்து பள்ளத்தில் உருண்டு அடிவாரத்துக்கே போய்விடும் என்று மாமா இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் வெளியே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிக்கொள்வாள். எங்கள் ஊரில் கண் தெரியாமல் தடியூன்றி நடந்த ஒரு கிழவர் இளமையில் அங்கே கிளை ஒடித்தவர் என்று சொல்வார்கள். அவர் எதிரே வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"என்ன மாப்ளே, பந்தத் தடவிக் குடுக்கறயா? ஞாயித்துக்கெழம திண்ணனூர் நாட்டுப் பசங்க நம்மளோட ஆட வாராங்க. எட்டி ஒதைடா."

வெள்ளிக்கிழமை மாலை குச்சிகள் எல்லாவற்றையும் தாண்டி, தோளைச் சாய்த்து, கோலில் நின்ற மாமாவையே ஏமாற்றிவிட்டேன். அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். அந்தச் சந்தோஷத்தில் பயம் மறந்து, முழுக்காலையும் வீசி உதைத்தேன். பந்து கோலுக்குள் போய், நிற்காமல் காட்டுக்குள்ளும் போனது.

மற்ற பிள்ளைகள் சட்டையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கலைந்தார்கள். மாமா நொண்டிக்கொண்டே காட்டை நோக்கி நடந்தார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆத்தாளுக்குப் பூசை செய்பவர் என் பெரியப்பா. பந்தாட்டம் அவருக்கு ஆகாது. சத்தம் கேட்டு வந்தவர், "அது இனி ஆத்தாளோடது" என்றார்.

"அவ யாரோட வெளையாடப் போறாளுங்க மச்சான்?" என்றார் மாமா.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்தார். நான் ஒரு கண்ணைப் பொத்தி அவரைப் பார்த்தேன். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இரண்டும் இன்னும் இருந்தன.

"காலைல தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வா சாமி. பூக் கேப்பம்" என்றார் என்னிடம்.

பூக் கேட்பது எங்கள் வழக்கம். இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு அரளி. ஒரு சிறுபிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் கோபம். மேல்முறையீடு கிடையாது. நான் பின்னாளில் பார்த்த எந்த ஆணையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. சிவப்பு வந்தால் பந்தும் இல்லை, என் கண்ணும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுநாள் பெரியப்பா பொட்டலங்களைக் குலுக்கி, காட்டோரத்தில் ஆத்தாளாக நட்டிருந்த கல்லின் முன் வைத்தார். நான் எடுத்ததைப் பிரித்தார். வெள்ளை. அதை ஆத்தா கல்லின்மேல் வைத்தார். மற்றதைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒதைச்சவந்தான் எடுக்கோணும். போ சாமி."

உள்ளே இருட்டும் ஈர இலை வாசமும். பந்து ஒரு வேரின் மடியில் உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடிய கண்ணை ஆத்தாளால் எடுக்க முடியாது என்பது என் கணக்கு. இரண்டு மரங்களில் முட்டி, முழங்கால் சிராய்த்து, எப்படியோ வெளியே வந்தேன். வந்த பிறகும் திறக்கவில்லை. திறந்து, ஒன்றும் தெரியாவிட்டால்?

"கண்ணத் தொற சாமி. ஒண்ணும் ஆவல" என்றார் பெரியப்பா.

திறந்தேன். முதலில் தெரிந்தது மாமாவின் முகம். அது என் முகத்தைவிட வெளுத்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு முள்வேலிச் சந்தில் குனிந்து நுழையும்போது பெரியப்பாவின் இடுப்பிலிருந்த பொட்டலம் விழுந்து பிரிந்தது. உள்ளே இருந்ததும் வெள்ளை அரளி.

"செவப்பு எங்கீங்க பெரியப்பா?"

அவர் குனிந்து அவசரமாகப் பொறுக்கினார். "ஆத்தா மனசு வெச்சா செவப்பும் வெளுத்துப்போவும்" என்றார். நான் நம்பினேன். மயிர்க்கூச்செறிய நம்பினேன்.

பின்னால் நொண்டி வந்த மாமா நின்றார். பூவைப் பார்த்தார், பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான், நாளைக்கி முன்னால ஆட நீங்களே வந்துருங்க. உங்க தோள் சாஞ்சது எனக்கே தெரியல" என்றார்.

பெரியப்பாவும் சிரித்தார். பந்தாட்டப் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் ஆட்டத்தில் என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற புதிய பயத்தில் பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, இருவருக்கும் முன்னால் வேகமாக நடந்தேன்.