முன் சக்கரத்துக்கு வைத்த கல்

என் காருக்கு உதடு வைப்பதென்று முடிவு செய்தது மதுரையில், ஒரு மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில். அந்த நேரத்தில் இரண்டு மாடிக்கு மேலே என் மனைவியின் கழுத்தில் ஊசி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கழுத்தின் இடப்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. சங்கிலியின் கொக்கியை மாட்டும்போது அவளே கண்டுபிடித்தது. தைராய்டு என்றார் மருத்துவர். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சியெடுத்துச் சோதித்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்; நடுவில் அவர் வெளியூர் போவதால் பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் முடிவைச் சொல்வார். ஊசியை எடுத்துக்கொண்டு செவிலி வந்ததும் நான் எழுந்து, "வண்டிய நிழல்ல போட்டுட்டு வந்துர்றேன்" என்றேன். வண்டி ஏற்கெனவே நிழலில்தான் நின்றது. அது என் மனைவிக்கும் தெரியும். வேப்பமரத்தைக் காட்டி அங்கே நிறுத்தச் சொன்னவளே அவள்தான்.

கார் என்று அதைச் சொல்லிவிட்டேன். ஐம்பது தாண்டிய ஆண்கள் சிலர் சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள், சிலர் கோயிலுக்கு மாலை போடுகிறார்கள். நான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஓட்டி அலுத்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, கொடைக்கானலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஏறி உட்கார்ந்தால் எதிரே வருகிற பேருந்தின் சக்கரக் கொட்டைகளை எண்ணலாம். இறங்குவதற்கு முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு கடவுள். இரண்டு இருக்கை மட்டும் என்பதால் சொந்தக்காரர்கள் யாரும் கூட வருகிறேன் என்று சொல்ல முடியாது. அது ஒன்றுதான் அந்த வண்டியால் என் மனைவி கண்ட பலன்.

வேப்பமரத்தடியில் நின்று கைப்பேசியில் ஸ்ப்ளிட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். காரின் முன் பம்பருக்கு அடியில் பலகைபோல நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். வேகமாகப் போகையில் எதிர்க்காற்றை மேலும் கீழுமாகப் பிரித்து, வண்டியின் மூக்கைத் தரையோடு அழுத்தும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பயன்படும் என்று போட்டிருந்தது. எங்கள் மலைப்பாதையில் நான் தொட்ட உச்சவேகம் நாற்பது. அதுவும் ஒரு தேன்கூடு கலைந்த அன்று.

கழுத்தில் பிளாஸ்திரியோடு மனைவி தனியாக இறங்கி வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அது?"

விளக்க ஆரம்பித்தேன். வத்தலக்குண்டு வரை விளக்கினேன். மலையேறத் தொடங்கியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்குக் கழுத்துல கட்டி. நீங்க காருக்கு உதடு வைக்கப் போறீங்க."

"அப்படியில்ல, இது வந்து..."

"வச்சுக்கோங்க. நான் வேணாம்னு சொல்லல. வியாழக்கெழம டாக்டர் ரிப்போர்ட்டப் பிரிக்கிறப்ப எம் பக்கத்து நாற்காலியில நீங்க உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். வண்டிய நிழல்ல போடப் போகக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். ஒரு வரியைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். சரி என்றேன்.

அடுத்த நான்கு நாள் நான் படித்த படிப்பைப் படிக்கிற வயதில் படித்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பேன். பிளாஸ்டிக்கா, ஃபைபரா, கார்பன் ஃபைபரா? ஃபைபர் விறைப்பு, ஆனால் அடிபட்டால் அப்பளம். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். ஆனால் வெயிலில் வெளுக்கும். மூன்று துண்டாக வருவதா, ஒரே துண்டா? இரண்டு அங்குலம் நீட்டலா, மூன்றா? தைராய்டு பற்றி ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை. மனைவி படித்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு கைப்பேசி, நான் ஒரு கைப்பேசி. நடுவில் ரசம் ஆறிக்கொண்டிருக்கும்.

ஒரே துண்டு, கெட்டிப் பிளாஸ்டிக், மூன்று அங்குலம் என்று முடிவாகி, பெட்டி அதிலிருந்து ஐந்தாம் நாள் வந்துசேர்ந்தது. அதைக் கடைத்தெருவில் சீட் கவர், ஹாரன், விளக்கு எல்லாம் மாட்டுகிற பாயிடம் கொண்டுபோனேன். இந்த மலையில் முப்பது வருடமாக அவர் கை படாத வண்டி இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சார், இது ரேஸ் ஓட்டுறவங்க வைக்கிறதுல்ல?"

"ஆமா பாய்."

"நீங்க தக்காளி வாங்கப் போறவரு."

வண்டியைப் பலகைமேல் ஏற்றி, அடியில் படுத்து, கையை வைத்து அளந்தார். "மாட்டுனா தரைக்கும் இதுக்கும் நாலு விரக்கடைதான் கெடக்கும். வேகத்தடையில சாய்ச்சுத்தான் ஏறணும். மழைத்தண்ணி தேங்குன எடத்துல எறங்கவே கூடாது. கொண்டை ஊசி வளைவுல உள்பக்கம் ஒடிக்காதீங்க. வேற என்ன? காட்டுமாடு நின்னா ஹாரன் அடிக்காதீங்க. இதுக்கில்ல, பொதுவாச் சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைத் தவிர.

பம்பரின் அடிவிளிம்பில் வைத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் அரை அங்குலம் இடைவெளி. சூடான காற்று ஊதும் மெஷினால் பிளாஸ்டிக்கைக் குழைத்து, தொடையால் அழுத்தி, பம்பரின் வளைவுக்குக் கொண்டுவந்தார். சுண்ணக்கட்டியால் எட்டுப் புள்ளி வைத்தார். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கையில் எடுத்தபோது நான் குறுக்கே விழுந்தேன்.

"பாய், கிளிப் வேண்டாம். இரும்புத் தகடு கொடுத்து போல்ட் போட்டுருங்க."

"சார், இது அடி வாங்குனா தானாக் கழண்டு விழணும். அதுக்குத்தான் கிளிப்பு. போல்ட் போட்டா பம்பரையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"கழலக் கூடாது பாய்."

கேட்டவிதம் எப்படி இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் கிளிப்புகளைக் கீழே வைத்துவிட்டு டிரில்லை எடுத்தார். நல்ல பம்பரில் ஓட்டை விழும் சத்தத்தை நான் நின்று கேட்டேன். ஊசியைப் பார்க்க முடியாமல் ஓடியவன்.

அது புதன்கிழமை. மாட்டி முடித்ததும் வண்டி கீழுதட்டைத் துருத்திக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாமனார்போல இருந்தது. பொருத்தும் முறை அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன்.

இங்கே கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் கைப்பிரேக்கை நம்புகிறார்கள். இந்த மலையில் நாங்கள் கைப்பிரேக்கையும் போட்டு, கியரிலும் நிறுத்தி, அதற்குமேல் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். வீட்டுக்கு ஒரு கல் உண்டு. எங்களுடையது பன் ரொட்டி வடிவத்தில், காம்பவுண்டுச் சுவரிலிருந்து உதிர்ந்தது. வீடு சாலைக்குக் கீழே சரிவில் இருப்பதால், வண்டியை மூக்கு கீழே பார்க்க இறக்கி நிறுத்தி, முன் சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைப்பேன். காலையில் பின்னால் எடுத்துச் சாலைக்கு ஏற்றினால் கல் அங்கேயே கிடக்கும். பம்பர் அதன் தலைக்கு மேலே கடந்து போய்விடும். எடுத்துப்போடுவது என்ற சோலியே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக, மூன்று வண்டிக்கு, அதே கல். புதன்கிழமை மாலை தூறலில் இறங்கி, சக்கரத்துக்கும் புது உதட்டுக்கும் நடுவே கல்லைக் காலால் தள்ளிச் செருகினேன். என் கால்தான் அதைச் செய்தது. எனக்கு அதில் பங்கிருந்ததாக ஞாபகமில்லை.

வியாழக்கிழமை வெள்ளனே ஐந்தரைக்கே மனைவி ஃபைலோடு தயார். நான் ஒரு துணியை வைத்து ஸ்ப்ளிட்டரின் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு இருவரும் ஏறினோம். ரிவர்ஸ் கியர் போட்டு, கொஞ்சம் வேகமாகவே, மேட்டில் ஏற்றினேன்.

தகரக் கூரையைக் காற்று பெயர்ப்பதுபோல ஒரு சத்தம். வண்டி ஏறியது; உதடு ஏறவில்லை. சக்கரம் பின்னால் நகர, கல் நின்ற இடத்தில் நிற்க, ஸ்ப்ளிட்டர் நேராக வந்து கல்லில் பின்பக்கமாக மாட்டிக்கொண்டது. வலப்பக்கம் பம்பரின் ஒரு பகுதியோடு பிய்ந்து, டயருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. இடப்பக்கம் நான் கேட்டு வாங்கிய போல்ட்டுகளில் உறுதியாகத் தொங்கியது. கிளிப்பாக இருந்தால் மொத்தமாகக் கழன்று விழுந்திருக்கும். நாங்கள் பாட்டுக்குப் போயிருப்போம்.

ஈரத்தரையில் படுத்தேன். நான்கு போல்ட். கையில் இருந்ததோ சைக்கிளுக்கு வாங்கிய ஸ்பேனர்.

"மணி ஆறு பத்து" என்றாள் ஜன்னல் வழியாக.

"ரெண்டே நிமிஷம்."

ஒரு போல்ட் கழன்றது. வாடகைக் கார்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். பழனிக்குச் சவாரி போயிருந்தார். மறுபடி படுத்தேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் போனது.

"ஆறு இருபத்தஞ்சு."

"இன்னும் மூணு போல்ட்டுதான். நீ உள்ளயே இரு, குளிருது."

கதவு திறந்தது. அவளுடைய செருப்பு என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நிழல்ல போடுறீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல், ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிச் சாலைக்குப் போய்விட்டாள். வண்டிக்கு அடியில் படுத்தபடியே நான் பார்த்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு கணம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் எதிலாவது ஏறிப் போய்விடுவாள். எனக்கு இங்கே மூன்று போல்ட் இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது.

மேலே ஒரு பிக்கப் வண்டி நின்றது. பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர். எங்கள் வீட்டுக்குப் பூண்டு அவரிடம்தான். குரல் கீழே கேட்டது.

"வத்தலக்குண்டு வரைக்கும் எறக்கி விட்டுர்றேங்க்கா. அங்கேருந்து மதுரைக்கு பஸ் நெறையக் கெடக்கு. வெரசா ஏறுங்க. முன்னால ஒரு ஆளுதான் உக்கார முடியும். சார் பொறத்தால பஸ்ல வரட்டுமா?"

என் மனைவி பதில் சொன்னதாகக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்த சத்தமும் கேட்கவில்லை. பிக்கப்பின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தேன். கார்க் கதவைச் சாத்தினேனா என்றுகூடத் தெரியாது. மேலே போனபோது அவள் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நான் பின்பக்கம் போய் மூட்டைகள் மேல் ஏறினேன். அதன் பிறகுதான் அவள் ஏறினாள்.

"சார், தார்ப்பாயப் புடிச்சுக்கங்க" என்று டிரைவர் கத்தினார். "கயித்தப் புடிக்காதீங்க. அது சும்மா கட்டியிருக்கு."

முதல் வளைவிலேயே ஒரு காட்டுமாடு நடுரோட்டில் நின்றது. "ஏலே, ஒதுங்குலே! டாக்டரு காத்துக்கிட்டிருக்காரு!" என்றார். அதுவும் என்ன நினைத்ததோ, ஒதுங்கியது.

இரண்டு மணி நேரம் பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து மலையிறங்கினேன். எதிரே, ஒரு முழ தூரத்தில், டிரைவர் பெட்டியின் பின்கண்ணாடி. அதற்குள் என் மனைவியின் பின்கழுத்து. சங்கிலி இல்லை, கட்டியைக் கண்டதிலிருந்து அவள் போடுவதில்லை. வளைவுகளில் அவள் தலை திரும்பும்போதெல்லாம் இடப்பக்கம் அந்த இடம் தெரிந்தது. பத்து நாளாக நான் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவோ ஏற்பாடு செய்திருந்தேன். இப்போது பார்ப்பதற்கு அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பயந்தேன். கால் நடுங்குகிற அளவுக்குப் பயந்தேன். வண்டியின் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டேன். வத்தலக்குண்டில் வண்டி நின்ற பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு நான் அந்த நாற்காலியில் இருந்தேன். முட்டியில் ரத்தம், சட்டையில் சேறு, உடம்பெல்லாம் பூண்டு. மருத்துவர் ஒருமுறை மூக்கைச் சுருக்கி, நாகரிகமாக விட்டுவிட்டார். உறையைப் பிரித்தார்.

"கேன்சர்தாம்மா. ஆனா மெதுவா வளர்ற வகை. ஆபரேஷன் பண்ணிரலாம். அதுக்குப் பெறகு தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

என் மனைவி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். குரல் நான்காவது கேள்வியில் உடைந்தது. ஐந்தாவதை நான் அவள் தாளிலிருந்து வாசித்தேன். பதில்களை எழுத எனக்குத் தாள் இல்லை. சட்டைப் பையைத் தடவினால் அந்தப் பொருத்தும் முறைத் தாள் வந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். தேதி. என்ன மாத்திரையை நிறுத்த வேண்டும். கழுத்தில் தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும்.

மருத்துவர் தாளை எட்டிப் பார்த்தார். அம்புக்குறிகள், எட்டுப் புள்ளிகள், திருகுகள்.

"இது என்ன?"

"அது இவரு பண்ணுன ஆபரேஷன், டாக்டர்" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை. ஆனால் என் பூண்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாய் வீட்டுக்கே வந்து மிச்ச போல்ட்டுகளைக் கழற்றினார். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. கல்லைப் பார்த்தபடியே நின்றார்.

"முப்பது வருசமா நானும் தெனம் வைக்கிறேன் சார். இது எனக்குத் தோணவே இல்லியே."

பம்பரின் கிழிசலைத் தைத்தாகிவிட்டது. ஓட்டைகள் இருக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்தது. தழும்பு மருத்துவர் சொன்ன நீளம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, அதே அறையில், அவர் உறையைப் பிரிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கால் நடுங்குகிறது. வேப்பமரத்தடியில் எப்போதும் யாரோ முந்திக்கொள்கிறார்கள். வண்டி வெயிலில் நிற்கிறது.