முந்திக்கொண்ட உயில்

லாசர் காலண்டர் தாளை முந்தின நாள் சாயங்காலமே கிழித்துவிடுவார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் கைகால் கழுவி, நெற்றியில் சிலுவை போட்டு, அன்றைய தாளைப் பிய்த்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சமயநல்லூரில் அந்த ஒரு வீட்டில் மட்டும் பொழுது சாய்ந்தால் நாளைதான். கறி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெரியப்பா, சுவரில் சனி என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாக வெளியே போய்க் கறிப் புரோட்டா தின்றுவிட்டு வந்தார். அந்தப் பாவத்தில் பாதி லாசருடையது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் ஷெரினுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அப்படித்தான். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸ் கிளார்க். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே நிறுத்தத்தில் நிற்பார். கரண்டு பில் கட்டுகிற கவுண்டர் திறப்பதற்கு முன்னால் அவர் போய்த்தான் வாட்ச்மேனை எழுப்ப வேண்டும்.

பதிவு ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதும் மொக்கைச்சாமி அவருடைய பழைய சிநேகிதர். வம்புக்கு இழுப்பார்.

"லாசரண்ணே, நீங்க ஏழாம் மாசமே பொறந்துட்டீங்களாமே, நெசமா?"

"எட்டு மாப்ள. தப்புத் தப்பாச் சொல்லாத."

நேர்த்திக்கடனைக்கூட அவர் முன்பணமாகத்தான் செலுத்துவார். ஷெரின் பிளஸ்டூ பரீட்சை எழுதிவிட்டு வந்த வாரமே வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். ரிசல்ட் வர ஒரு மாதம் இருந்தது. பக்கத்து வீட்டு சோணையம்மாள் வாசலில் நின்று கேட்டாள்: "ஏண்ணே, புள்ள பெயிலாயிட்டா முடியைத் திருப்பிக் குடுப்பாகளா?"

ஷெரின் பெயிலாகவில்லை. ஆகியிருந்தால் அப்பாவின் தலையை எந்த முகத்தோடு பார்ப்பது என்ற பயத்திலேயே அந்த ஒரு மாதம் போனது. பிறகு காலேஜுக்குப் போய், அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆனாள். பட்டம் வாங்கின பிறகு என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பரீட்சைக்குப் படித்தாள், அதை விட்டு இன்னொன்றுக்குப் படித்தாள்.

அப்பாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். ஒரு வரி எழுதிவைக்காமல் ஒரு மத்தியானம் செத்துப்போனார். எட்டாம் நாள் சித்தப்பாமார்கள் பாத்திரம் பண்டங்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள். லாசரின் அம்மா மூன்று பிள்ளைகளோடு குத்துக்கல்லாகத் தெருவில் உட்கார்ந்திருந்தாள். லாசர் இதை ஒரே ஒருமுறைதான் ஷெரினிடம் சொன்னார், அதுவும் ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல. "தண்ணிப்பானை மட்டும் உடையல பாப்பா. பத்திரமா இறக்கி வச்சாங்க." தன்னுடைய ஆள் யாரும் அப்படித் தெருவில் உட்காரக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை.

ஷெரினின் அம்மா இறந்து பல வருடம் கழித்து, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே, அதே பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த ஜோசபின் டீச்சரிடம் கல்யாணத்துக்குக் கேட்டுவைத்தார். டீச்சருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமே ஆகாதவர். பள்ளிக்கூட விடுதியில் ஒரு அறை, ஒரு தையல் மிஷின், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான் அவருடைய உலகம். கல்யாணம் ஆனால் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும்.

"இந்த ரூமை விட்டுட்டு வந்தா எனக்குத் திரும்பிப் போக எடம் கெடையாது" என்று சொல்லியிருக்கிறார். "நாளைக்கு நீங்க முந்திப் போயிட்டா?"

முந்திப் போகிற விஷயத்தில் லாசருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறை வாசித்த மறுநாள், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மொக்கைச்சாமி முன்னால் போய் உட்கார்ந்தார். கூட ஷெரின். சமயநல்லூர் வீட்டில் ஜோசபின் ஆயுள் உள்ளவரை குடியிருக்க வேண்டியது. அவருக்குப் பிறகு மகன் ஆன்சனும் மகள் ஷெரினும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது. பாங்கில் இருப்பது பிள்ளைகளுக்கு.

மொக்கைச்சாமி பேனாவை மூடிவைத்தார். "கல்யாணம் முடியட்டுமே அண்ணே. 'என் மனைவி'ன்னு சுருக்கமா எழுதிப்புடலாம். இப்பன்னா 'எனக்கு மனைவியாக வரவிருக்கும்'னு இழுக்கணும். ஒரு வரி வேஸ்ட்டு."

"கல்யாணத்தன்னைக்குக் காலைல எனக்கு நெஞ்சு வலி வந்தா? அந்தப் பொம்பளை ரூமையும் விட்டுட்டு நடுத்தெருவுல நிக்கணுமா? எழுது மாப்ள."

எழுதினார். ஷெரின் வாங்கிப் படித்துப் பார்த்து, 'ஜோஸ்பின்' என்றிருந்ததை 'ஜோசபின்' ஆக்கினாள், 'அனுபவிச்சு' என்பதை 'அனுபவித்து' என்று திருத்தினாள். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் மொக்கைச்சாமி. அன்றே பதிவும் ஆனது.

கல்யாணப் பந்தியில் லாசர் சாப்பாட்டைவிட உயிலைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். "நீங்க எழுதியாச்சா? ஏன் எழுதல? ஆட்டுக்கறி இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, நாளைக்கே எழுதிருங்க." பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே, முன்யோசனை உள்ள மணமகன் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அந்த வருடம் பங்கில் ஏழெட்டுப் பேர் லாசரைப் பார்த்து உயில் எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள் என்பது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஷெரினுக்குச் சித்தி என்று வாய் வரவில்லை. லாசருக்கே பெயர் சொல்லிக் கூப்பிட வரவில்லை. "டீச்சர், காபி" என்பார், ஆபீஸ் ரூமில் சாக்பீஸ் கேட்பதுபோல.

நாலு வருடம் கழித்து ஒரு காலையில் பென்சன் ஆபீசுக்குக் கிளம்பிய லாசர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தியபோது, சுவர்க் காலண்டரில் அவர் செத்த தேதி தெரிந்தது; முந்தின சாயங்காலமே தாளைக் கிழித்து அவரே அதை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், ஓசூரிலிருந்து வந்திருந்த ஆன்சன், பேப்பரை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிவிடலாம் என்றான். கெட்டவன் இல்லை. ஓசூரில் ஃபிளாட் வாங்கி, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கீழவாசல் பக்கம் சௌந்தரராஜன் வக்கீலிடம் போனார்கள். அவர் போனில் மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ கறிகாய்ச் சண்டை போட்டு முடித்துவிட்டு, தமிழுக்குத் திரும்பி, உயிலை ஒரு மூச்சில் படித்தார்.

"அழகா எழுதியிருக்கு. ஒரு எழுத்துப்பிழை இல்லை" என்றார். ஷெரினுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "கல்யாணம் எந்தத் தேதிம்மா?"

டீச்சர் தேதியைச் சொன்னார். "ஒரு வாரம் முன்னாடியே எழுதிட்டாரு சார். எதையுமே முன்கூட்டிச் செய்யறவரு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "கிறிஸ்தவங்களுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, அதுக்கு முன்னாடி எழுதின உயில் செத்துப்போகும்மா. சட்டம் அப்படி. இந்துவா இருந்தா நிக்கும். இவருக்கு நிக்காது."

"பதிவு பண்ணியிருக்கே சார்?"

"பதிவு பண்ணினாலும் அதேதான்."

"இவங்களைக் கட்டப்போறேன்னு சொல்லி, இவங்களுக்காகவே எழுதியிருக்காரு" என்றாள் ஷெரின்.

"அவங்களையே கட்டினதுனாலதாம்மா செத்துச்சு. கல்யாணத்துக்கு மறுநாள் இதையே திரும்ப எழுதி, கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சி வச்சிருந்தாப் போதும். இப்ப உயிலே இல்லாத கணக்கு. மனைவிக்கு மூணுல ஒண்ணு, பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு."

டீச்சர்தான் பேசினார்.

"அப்ப, நான் அவரு கையைப் பிடிச்ச நிமிசமே எனக்கு வீடு போச்சு. கட்டாமயே கூட இருந்திருந்தா?"

"உயில் நின்னிருக்கும்" என்றார் வக்கீல், சங்கடத்தோடு.

"இதைச் சாமியார்கிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

திரும்புகிற வழியில் மொக்கைச்சாமியைப் பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எம்புட்டு உயில் எழுதியிருக்கேன் தாயி. எங்காளுகளுக்கு இப்பிடி ஒண்ணு இல்லையே. எழுதி வச்சுட்டு ரெண்டாந்தாரம் கட்டினவன்லாம் இருக்கான், ஒண்ணும் ஆகல." ஊரில் அவரிடம் உயில் எழுத வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு அவரைப்போல இந்துக்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாக வந்து உட்கார்ந்த ஒரே வேதக்காரர் லாசர்தான்.

அன்று டீக்கடை வாசலில் நிற்கும்போது ஷெரின் தன் மனதுக்குள் ஒன்றைக் கண்டாள். உயில்படி டீச்சர் காலத்துக்குப் பிறகுதான் அவளுக்குப் பங்கு. சட்டப்படி இப்போதே. வக்கீல் 'மூணுல ரெண்டு' என்றபோது உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பு, மகளிர் ஹாஸ்டல், ஜன்னலோரக் கட்டில் என்று அடுத்த பேச்சு வருவதற்குள் ஒரு படமே ஓடி முடிந்திருந்தது. படித்த பெண்ணுக்கு எழுத்துப்பிழை கண்ணில் படுகிற வேகத்தில் பங்கும் கண்ணில் படுகிறது. இதற்குத்தானா அப்பா மொட்டை போட்டார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தும் முடித்தாள்.

ஆன்சன் ஆள் பார்த்துவிட்டான். மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டைக் கேட்டார்.

"அப்பா ஆசை வேற, சட்டம் வேற பாப்பா. உயிலை நானா ரத்து பண்ணேன்? வித்து மூணாப் பிரிச்சுக்குவோம். அவங்க பங்கு அவங்களுக்கு."

"அந்தப் பங்குல டீச்சருக்கு எங்கண்ணே வீடு கெடைக்கும்?"

"அப்ப நாம என்னதான் பண்றது?"

அடுப்படியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: "மூணுல ஒண்ணுன்னா எனக்கு இந்த அடுப்படியை விட்ருங்கப்பா. மிஷின் போட எடம் இருக்கு."

ஷெரின் மட்டும் தனியாக மறுபடி வக்கீலிடம் போனாள். தான் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"உங்கண்ணன் பாகம் கேட்டு வழக்குப் போடணும்."

"முடிய எம்புட்டு நாளாகும் சார்?"

அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். "அதைக் கேட்டா உங்கண்ணன் வழக்கே போடமாட்டாரு. நான் கறுப்புக் கோட்டு மாட்டின வருசம் வந்த பாகக் கேசு ஒண்ணு இன்னும் வாய்தாவுல இருக்கு. வேணும்னா உன் பங்கை அவங்களுக்கு விடுதலைப் பத்திரமா எழுதிக் குடும்மா. சுத்தமா இருக்கும்."

ஷெரின் அதை எழுதிக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மனசு தனக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அவள் செய்ததெல்லாம் தள்ளிப்போட்டது மட்டும்தான். மாதா மாதம் ஆன்சன் போன் செய்வான். "பரீட்சை இருக்குண்ணே, அடுத்த மாசம் வாரேன்." "தவக்காலத்துல எதுக்குண்ணே பத்திரம்." "மழை விடட்டும்ணே." இது டீச்சர் மேல் உள்ள பாசமா, பங்கைக் கைவிடாமல் நல்ல பேரும் வாங்குகிற கெட்டிக்காரத்தனமா என்று அவளே அவளைக் கேட்டுக்கொள்வாள். பதில் மாதத்துக்கு ஒன்றாக மாறும். டீச்சரின் பாத்திரங்கள் மட்டும் அடுப்படியிலேயே இருந்தன. ஆயுசு முழுக்க முந்திக்கொண்டவர் கொடுக்க முடியாத பாதுகாப்பை, ஆன்சன் போடாத வழக்கின் வாய்தா பயம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மொக்கைச்சாமி குற்ற உணர்ச்சியில் ஒருநாள் வந்து நின்றார். "டீச்சரம்மா, உங்களுக்கு ஏதாச்சும் எழுதணும்னா காசு வேணாம்."

"உங்க கையால உயிலா?" டீச்சர் தையல் மிஷினை நிறுத்தாமல் சொன்னார். "எழுதுங்க. எனக்கு இனிமே கல்யாண உத்தேசம் எதுவும் இல்லை. தைரியமா எழுதுங்க."

கிறிஸ்துமஸுக்கு வீடு ஒழுங்கு செய்தபோது, பரணில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒன்று ஷெரின் கையில் தட்டுப்பட்டது. ஆள் உயர மெழுகுவத்தி. வேளாங்கண்ணியில் செலுத்துகிற வகை.

"அது உங்கப்பா நேர்ந்துகிட்டது" என்றார் டீச்சர் கீழே நின்று. "நான் சரின்னு சொன்னா, ரெண்டு பேருமாச் சேர்ந்து போய் ஏத்துறதா. நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டாரு. என் உசரத்தை விடுதிச் சுவத்துல கோடு போட்டு அளந்துக்கிட்டுப் போனாரு."

"அப்புறம் ஏன் போகல?"

"முந்தி நிறைவேத்த முடியாத நேர்ச்சை இது ஒண்ணுதானே. கல்யாணம் ஆகணும், ரெண்டு பேரும் போகணும். எல்லாத்தையும் முந்திச் செஞ்ச மனுசனுக்கு, பிந்திச் செய்யற வேலை ஒண்ணு வந்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. மூட்டுவலி, மழை, பென்சன் ஆபீஸ். அடுத்த வருசம் டீச்சர், அடுத்த வருசம் டீச்சர்னே போயிட்டாரு." அண்ணாந்து பார்த்தார். "இதுவும் அவரு விட்டுட்டுப் போன கடன்தானே? வக்கீலைக் கேளு, இதுல எனக்கு மூணுல ஒண்ணா, முழுசுமான்னு."

ஷெரின் தாளைப் பிரித்தாள். நாலைந்து சித்திரை வெயில் ஓட்டுக்கடியில் இறங்கி மெழுகு நடுவில் வளைந்திருந்தது. மறுபடி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது, டீச்சரைவிட அரையடி குட்டையாக.